மொதல்ல பிளானை மாத்தாத, தம்பி!

பொங்கலுக்கு முந்தின வாரம் கோவில்பட்டிக்குப் போயிருந்தேன். முதல் நாள் ராத்திரி ஒன்பதே முக்கால் இருக்கும். மாடியறையிலிருந்து ஒரு அலறல். பாம்புதான் வந்துவிட்டது என்று நினைத்து ஓடினால், தம்பி ஹெட்செட்டைக் கட்டிலில் எறிந்துவிட்டுத் தலையில் கை வைத்து உட்கார்ந்திருக்கிறான்.

"யக்கா, கடைசி ரவுண்டு. எங்க டீம்ல நான் ஒருத்தன்தான் உசுரோட இருந்தேன். நெட்டு போச்சு. ஒரு மாசமா தெனமும் இதே நேரத்துக்குத்தான் போவுது!"

அவன் ஆடுவது வேலரன்ட். போட்டி ஆட்டத்தில் பாதியில் காணாமல் போனால் அந்த ஆட்டம் மட்டும் போவதில்லை. புள்ளியும் போகும், அடுத்த ஆட்டத்துக்குள் நுழையவிடாமல் காத்திருக்கவும் வைப்பார்கள். டோட்டா 2 ஆடுகிறவர்களுக்கு ஐந்து நிமிட அவகாசம் உண்டு. அதற்குள் திரும்பாவிட்டால் ஓடிப்போனவர் என்று முத்திரை. கோபித்துக்கொண்டு போனாயா, வயர் போனதா என்று எந்த சர்வரும் விசாரிப்பதில்லை.

நான் வருவதற்கு முன்பே தம்பி வைத்தியம் ஆரம்பித்திருந்தான். 100 எம்பிபிஎஸ் பிளானை 200 ஆக்கியாயிற்று. பிங்கைக் குறைத்துத் தருவதாகச் சொன்ன ஒரு ஆப்புக்கு மாதச் சந்தா கட்டியாயிற்று. எட்டுக்கால் பூச்சி மாதிரி ஆன்டெனா வைத்த ஒரு ரவுட்டருக்கு அப்பாவிடம் அடி போட்டுக்கொண்டிருந்தான். இத்தனைக்கும் அவன் அக்கா சென்னையில் ஒரு கம்பெனியில் நைட் ஷிஃப்டில் நெட்வொர்க் கண்காணிக்கிறவள். லைன் எங்கே அறுந்தது என்று கண்டுபிடிக்கத்தான் எனக்குச் சம்பளம். ஒரு போன் போட்டுக் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. நீங்களாவது கேளுங்கள்.

ஆட்டத்துக்கு வேகம் அதிகம் தேவையில்லை. சுடும் ஆட்டம் பெரும்பாலும் ஒரு மணி நேரத்துக்குச் சில நூறு எம்பிக்குள்தான் தின்னும். ஒரு சினிமா பார்க்க அதைப்போலப் பல மடங்கு வேண்டும். ஆனால் சினிமா முன்கூட்டியே அரை நிமிடப் படத்தை வாங்கிச் சேர்த்து வைத்துக்கொள்ளும். நடுவில் நெட் இரண்டு நொடி நின்றால் உங்களுக்குத் தெரியவே தெரியாது. எதிரி அடுத்த நொடி எங்கே நிற்பான் என்பதை முன்கூட்டி வாங்கி வைக்க முடியுமா? வேலரன்ட் சர்வர் நொடிக்கு 128 தடவை நிலவரத்தைக் கணக்குப் போடுகிறது. தாமதமாக வந்து சேரும் தகவல் அங்கே பழைய சோறு.

அதனால் பார்க்க வேண்டியது மூன்று. தகவல் போய்த் திரும்ப எத்தனை மில்லி செகண்ட் ஆகிறது, அது பிங். அந்த எண் நிலையாக நிற்கிறதா, குதிக்கிறதா, அது ஜிட்டர். போனதில் எத்தனை வழியிலேயே தொலைகிறது, அது பாக்கெட் லாஸ். பிங் 60 என்று சீராக நின்றால் தாராளமாக ஆடலாம். 20க்கும் 200க்கும் ஊஞ்சலாடினால் ஆட முடியாது. ஸ்பீட் டெஸ்டில் 200 வருகிறதே என்று காட்டாதீர்கள். அது பெரும்பாலும் பக்கத்திலிருக்கும் சர்வரோடு சில நொடி பேசிவிட்டு முடித்துக்கொள்ளும்.

உங்கள் கம்ப்யூட்டரிலிருந்து ஆட்டத்தின் சர்வர் வரைக்கும் உள்ள பாதையை மூன்று துண்டாக நினைத்துக்கொள்ளுங்கள். உங்கள் அறையிலிருந்து ரவுட்டர் வரை ஒன்று. ரவுட்டரிலிருந்து தெரு வழியாக நெட் கம்பெனி வரை இன்னொன்று. அங்கிருந்து மும்பையோ சிங்கப்பூரோ, சர்வர் வரை மூன்றாவது. எந்தத் துண்டில் அறுகிறது என்று தெரிவதற்கு முன் ஒரு ரூபாயும் செலவழிக்காதீர்கள். தெரிந்துகொள்ள இரண்டு கறுப்பு ஜன்னல் போதும்.

விண்டோஸில் கமாண்ட் ப்ராம்ப்டை இரண்டு முறை திறந்து பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். முதல் ஜன்னலில் ஆங்கிலத்தில் பிங் என்று அடித்து, இடைவெளி விட்டு உங்கள் ரவுட்டரின் முகவரி, பிறகு இடைவெளி, ஒரு மைனஸ் குறி, ஒட்டினாற்போல் சின்ன டி எழுத்து. ரவுட்டரின் முகவரி பெரும்பாலும் 192.168.1.1 அல்லது 192.168.0.1 ஆக இருக்கும். ஐபிகான்ஃபிக் என்று அடித்தால் டிஃபால்ட் கேட்வே என்ற வரியில் சரியானது தெரிந்துவிடும். இரண்டாவது ஜன்னலில் அதே மாதிரி 8.8.8.8. அது கூகுள் பொதுவில் வைத்திருக்கும் டிஎன்எஸ் முகவரி, எந்நேரமும் பதில் சொல்லும். இரண்டையும் ஓடவிட்டு வழக்கம்போல ஆடுங்கள். ஆட்டம் தடுமாறும் அந்த நிமிடம் ஜன்னல்களைப் பாருங்கள்.

இரண்டுமே எகிறினால் அல்லது 'ரிக்வெஸ்ட் டைம்ட் அவுட்' என்று வந்தால், கோளாறு வீட்டுக்குள். முதல் ஜன்னல் ஒன்று, இரண்டு என்று சமர்த்தாக இருந்து இரண்டாவது மட்டும் தடுமாறினால், ரவுட்டரைத் தாண்டி. இரண்டும் ஒழுங்காக இருக்கும்போதே ஆட்டம் போனால் மூன்றாவது துண்டு, அல்லது அந்த ஆட்டத்தின் சர்வரே. அப்போது கூட ஆடும் நண்பர்களைக் கேளுங்கள். எல்லோருக்கும் போயிருந்தால் உங்கள் ரவுட்டர் நிரபராதி, அதை அணைத்து அணைத்துப் போடாதீர்கள்.

மறுநாள் ராத்திரி தம்பியை ஆடவிட்டு நான் ஜன்னல்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒன்பது மணிக்கு முதல் ஜன்னலில் 3, 4, எப்போதாவது ஒரு 80. இரண்டாவதில் 30 சொச்சம். ஒன்பதரை வரை ஆட்டம் நன்றாகத்தான் போயிற்று. ஒன்பது நாற்பதுக்கு இரண்டாவது ஜன்னல் ஏற ஆரம்பித்தது. 90. 240. 610. பிறகு டைம்ட் அவுட் வரிசையாக. முதல் ஜன்னல் அப்போதும் பெரிதாக அலட்டிக்கொள்ளவில்லை.

"பாத்தியா! கம்பெனிக்காரன்தான்!" என்றான் தம்பி.

"ஏலே, செத்த சும்மா இரு" என்று சொல்லிவிட்டுக் கீழே இறங்கிப் போனேன். அம்மா சீரியல் பார்த்துக்கொண்டிருந்தாள், அது கேபிள் டிவியில். ஆச்சி தூங்கிவிட்டாள். கடையை அடைத்துவிட்டு வந்த அப்பா சாப்பிட்டுவிட்டுக் கை கழுவிக்கொண்டிருந்தார். ஹாலில் அவர் போன் சார்ஜில் கிடந்தது. எடுத்துப் பார்த்தேன். விடியற்காலையில் பெருமாள் கோவிலில் எடுத்த மார்கழி பூஜை வீடியோ, ஃபோர்கே தரத்தில், ஒன்றரை ஜிபி, மேலே ஏறிக்கொண்டிருந்தது.

மார்கழி பிறந்த நாளிலிருந்து அப்பா தினமும் பூஜையை வீடியோ எடுக்கிறார். வைஃபையில் மட்டும் பேக்கப் ஆகட்டும் என்று போனை அமைத்துக் கொடுத்தவன் யார்? சாட்சாத் என் தம்பிதான். பகலெல்லாம் கடையில் வைஃபை கிடையாது. ராத்திரி வீட்டுக்கு வந்து சார்ஜில் போட்டதும் போன் தன் வேலையைத் தொடங்கிவிடும். ஒரு மாசமா தெனமும் இதே நேரத்துக்கு!

ரேஷன் கடை க்யூவை நினைத்துக்கொள்ளுங்கள். உங்களுக்கு ஒரு கிலோ சர்க்கரை மட்டும் வேண்டும். ஆனால் முன்னால் நாற்பது பேர் இருபது கிலோ அரிசிக்கு நிற்கிறார்கள். கடை திறந்திருக்கிறது, எடை போடுகிறவரும் வேகமாகத்தான் போடுகிறார், உங்கள் முறைதான் வருவதில்லை. அப்பாவின் வீடியோ ரவுட்டரின் வரிசையை நிரப்பி நின்றபோது தம்பியின் துப்பாக்கிக் குண்டு அதன் பின்னால் நின்றது. இதற்கு பஃபர்ப்ளோட் என்று பெயர். ஜிம் கெட்டிஸ் என்ற அமெரிக்க மென்பொருளாளர் தன் வீட்டு நெட் இப்படித் திணறியதைத் துருவிப்போய் வைத்த பெயர் அது. கேத்லீன் நிக்கல்ஸும் வான் ஜேக்கப்சனும் 2012ல் மருந்தும் கண்டுபிடித்தார்கள். வரிசையில் யாரும் அதிக நேரம் நிற்காதபடி ரவுட்டரே பார்த்துக்கொள்ளும் முறை.

உங்களுக்கு இந்த நோய் இருக்கிறதா என்று பார்ப்பது சுலபம். இரண்டாவது ஜன்னலை ஓடவிட்டு, வீட்டில் ஒரு போனிலிருந்து பெரிய வீடியோ ஒன்றை டிரைவில் ஏற்றுங்கள். 30 என்பது 300 ஆனால், இருக்கிறது. ரவுட்டர் அமைப்பில் க்யூஓஎஸ் அல்லது எஸ்க்யூஎம் என்று இருந்தால் போட்டுவிட்டு, அப்லோடு வேகத்தை உண்மையில் கிடைப்பதில் 85, 90 சதவீதத்துக்குக் கட்டிவையுங்கள். கம்பெனிக்காரர்கள் இலவசமாகக் கொடுக்கும் பெட்டிகளில் பெரும்பாலும் இந்த வசதி இருக்காது. அப்போது வீட்டு மனிதர்களோடு பேசுவதுதான் ஒரே வழி. பேக்கப்பை அப்பா இப்போது காலையில் காப்பி குடிக்கும்போது போடுகிறார். கம்ப்யூட்டரிலும் இதே திருட்டு நடக்கும். ஸ்டீமில் 'ஆடும்போதும் டவுன்லோடு' என்ற அமைப்பை அணையுங்கள். விண்டோஸ் தன் அப்டேட்டை உங்கள் நெட்டைக் கொண்டு ஊராருக்கு வினியோகிக்கும் டெலிவரி ஆப்டிமைசேஷனையும் அணையுங்கள்.

சரி, முதல் ஜன்னலில் வந்த அந்த 80? அது வைஃபை.

எங்கள் வீட்டில் ரவுட்டர் இருந்த இடம், சுவரில் கேபிள்காரர் ஓட்டை போட்ட இடம். உங்கள் வீட்டிலும் அதேதானே? ஒரு பக்கம் டிவி, மறுபக்கம் இரும்பு பீரோ, மேலே கான்கிரீட் தளம், அதற்கும் மேலே தம்பி. போதாக்குறைக்கு, தூசி விழாமல் அம்மா குரோஷா துணி போர்த்தி வைத்திருந்தாள். தொட்டால் இட்லிச் சட்டி மாதிரி சுட்டது. சூடு ஏறினால் ரவுட்டர் தானாக நின்று எழும். துணியை எடுத்துவிட்டு, பெட்டியைப் பீரோவிலிருந்து தள்ளி, இடுப்புயரத்துக்கு மேல் திறந்த அலமாரியில் வையுங்கள். இரும்பு பீரோ, நிலைக்கண்ணாடி, ஃபிரிட்ஜ், மீன் தொட்டி எல்லாமே வைஃபைக்கு ஆகாதவை.

5 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசை கிடைக்கிற தூரத்தில் இருந்தால் அதில்தான் ஆட வேண்டும். 2.4 சுவரைத் தாண்டி நன்றாகப் போகும், ஆனால் அங்கே கூட்டம். பக்கத்து வீட்டு வைஃபை, ப்ளூடூத் ஹெட்செட், மைக்ரோவேவ் அடுப்பு எல்லாம் அதே இடத்தில் சத்தம் போடுகின்றன. 2.4 தான் கதி என்றால் சேனலை 1, 6, 11 மூன்றில் ஒன்றாக வையுங்கள். இவை மட்டும்தான் ஒன்றன்மேல் ஒன்று ஏறாதவை. இரண்டு அலைவரிசைக்கும் ஒரே பெயர் இருந்தால் கருவி ஆட்டத்தின் நடுவில் இங்கும் அங்கும் தாவும். 5க்குத் தனிப் பெயர் கொடுத்துவிடுங்கள். லேப்டாப்பில் டிவைஸ் மேனேஜருக்குப் போய், வைஃபை அடாப்டரின் பவர் மேனேஜ்மென்ட்டில் மின்சாரம் மிச்சப்படுத்த அதை அணைக்கலாம் என்ற டிக்கையும் எடுத்துவிடுங்கள்.

இவ்வளவும் சொன்னாலும் என் தீர்ப்பு ஒன்றுதான்: ஒரே இடத்தில் உட்கார்ந்து ஆடுகிறவருக்கு லேன் கேபிள். கேட் 5ஈ கேபிளே 100 மீட்டர் வரை ஜிகாபிட் தாங்கும். கேட் 6 விலையில் பெரிய வித்தியாசம் இல்லை, வாங்கிக்கொள்ளலாம். வேறு எதுவும் வேண்டாம், தங்க முலாம், கேட் 8 என்று கடைக்காரர் என்ன சொன்னாலும். கேபிள் மாட்டியும் கம்ப்யூட்டர் 100 எம்பிபிஎஸ் என்று மட்டும் காட்டினால், உள்ளே எட்டுக் கம்பியில் நாலுதான் பேசுகிறது என்று சந்தேகப்படுங்கள். ஆட்டத்துக்கு அது போதும், ஆனால் இன்று நாலு போனது நாளை மிச்சமும் போகலாம். முனையில் உள்ள பிளாஸ்டிக் கொக்கி ஒடிந்திருந்தால் மேசையை இடிக்கும்போதெல்லாம் நெட் அறும். இதற்காக ஒருத்தர் கம்ப்யூட்டரையே ஃபார்மட் செய்ததைப் பார்த்திருக்கிறேன்.

அடுத்து கரண்ட். அம்மா மோட்டார் போட்டதும் நெட் போகிறது என்றால் சிரிக்காதீர்கள். மோட்டார் எழும் நொடியில் வோல்டேஜ் குனியும். பழைய அடாப்டர் அதைத் தாங்காமல் ரவுட்டர் அணைந்து எழும், அதற்கு இரண்டு மூன்று நிமிடம் பிடிக்கும். அதே வோல்ட், அதே ஆம்பியர் எழுதிய புது அடாப்டர் மாற்றிப் பாருங்கள். கரண்ட் போய் இன்வெர்ட்டருக்கு மாறும்போது விழுந்தால், இன்வெர்ட்டரில் யுபிஎஸ் என்றும் எக்கோ என்றும் சுவிட்ச் இருக்கிறதா பாருங்கள். யுபிஎஸ் பக்கம் வைத்தால் மாறும் இடைவெளி குறையும். ரவுட்டருக்கென்றே 12 வோல்ட் குட்டி யுபிஎஸ் கிடைக்கிறது. மோடமும் ரவுட்டரும் தனித்தனிப் பெட்டி என்றால் இரண்டுக்கும் கொடுக்க வேண்டும். நிறையப் பேர் ஒன்றுக்கு மட்டும் கொடுத்துவிட்டு யுபிஎஸ்ஸைத் திட்டுகிறார்கள்.

இரண்டாவது ஜன்னல் மட்டும் விழுகிறது, வீட்டில் யாரும் எதையும் ஏற்றவில்லை என்றால் மோடத்தின் விளக்கைப் பாருங்கள். எல்ஓஎஸ் என்பது சிவப்பாக மின்னினால் ஃபைபரில் வெளிச்சம் வரவில்லை. அணில் கடித்திருக்கலாம், வேப்பங்கிளை உரசியிருக்கலாம், உயரமான லாரி ஒன்று இழுத்துக்கொண்டு போயிருக்கலாம். நம் தெருக்களில் ஃபைபர் மரத்துக்கு மரம் தாவித்தானே வருகிறது. சிவப்பு வராமல் விட்டுவிட்டு அறுந்தால், வெளிச்சம் மங்கலாக வருகிறது என்று பொருள். டெக்னீஷியன் அண்ணன் வரும்போது ஆப்டிகல் பவர் எவ்வளவு என்று கேளுங்கள். மைனஸ் 27 டிபிஎம்முக்குக் கீழே போனால் மோடம் திண்டாடும், மைனஸ் 20 பக்கம் என்றால் நிம்மதி. வீட்டுக்குள் ஃபைபரை ஆணியில் சுற்றியோ கதவிடுக்கில் மடித்தோ வைத்திருந்தால் முதலில் அதைத் தளர்த்துங்கள். உள்ளே இருப்பது கண்ணாடி, செப்புக் கம்பி இல்லை. அந்தப் பச்சை முனையைக் கழற்றி உள்ளே எட்டிப் பார்க்கும் வேலை மட்டும் வேண்டாம். அதில் வரும் லேசர் கண்ணுக்குத் தெரியாது, கண்ணைக் கெடுக்கும்.

புகார் கொடுக்கும்போது 'நெட் ஸ்லோ' என்று சொல்லாதீர்கள். சொன்னால் 'ரவுட்டரை ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க' என்பார்கள், உரையாடல் அதோடு முடிந்தது. 'வயரில் மாட்டியிருக்கேன், ரவுட்டர் வரைக்கும் 1 மில்லி செகண்ட், வெளியே பாக்கெட் லாஸ், இன்ன தேதி இன்ன நேரம்' என்று சொல்லி, ஜன்னலின் படத்தையும் அனுப்புங்கள். எதிர்முனையில் உட்கார்ந்திருக்கிறவள் என்ற முறையில் சொல்கிறேன், இப்படி ஒரு புகார் வந்தால் நிமிர்ந்து உட்காருவோம். டாக்கெட் நம்பர் கேட்டு வாங்குங்கள். ட்ராயின் 2012 விதிப்படி அது கொடுத்தே ஆக வேண்டியது. தீராவிட்டால் அதே கம்பெனியின் மேல்முறையீட்டு அதிகாரிக்குப் போகலாம், அதற்குக் கட்டணம் இல்லை.

மூன்றாவது துண்டில் நம் கையில் இருப்பது குறைவு. ஃபைபரில் வெளிச்சம் நொடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் போகும். சென்னையிலிருந்து சிங்கப்பூர் ஏறக்குறைய 2,900 கிலோமீட்டர். கடலடியில் கேபிள் நேர்கோட்டில் கிடந்தாலே போய்வர 29 மில்லி செகண்ட். எந்த ஆப்பும் வெளிச்சத்தை விரட்டி ஓட்டாது. வேலரன்ட்டில் மும்பையும், சிஎஸ் 2, டோட்டா 2 போன்றவற்றில் சென்னை, மும்பையும் இருக்கும்போது வேறு ஊர் சர்வர் தேர்வாகியிருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். டிஎன்எஸ் மாற்றினால் பிங் குறையும் என்பது வதந்தி. டிஎன்எஸ் முகவரி தேடித் தருவதோடு சரி, ஆட்டத்துக்குள் அதற்கு வேலையே இல்லை. பிங் குறைக்கும் ஆப்புகள், கம்பெனி உங்களைச் சுற்றுவழியில் அனுப்பினால் மட்டும் எப்போதாவது உதவும். தம்பியின் சந்தாவை அன்றைக்கே நிறுத்தினேன்.

போனில் பிஜிஎம்ஐ, ஃப்ரீ ஃபயர் மேக்ஸ் ஆடுகிற செல்வங்களுக்கு இரண்டே இரண்டு. வைஃபை கொஞ்சம் மங்கினால் தானாக மொபைல் டேட்டாவுக்குத் தாவும் அமைப்பு நிறையப் போன்களில் இருக்கிறது. தாவும் நொடியில் உங்கள் ஐபி முகவரி மாறும், சர்வருக்கு நீங்கள் யாரோ ஆகிவிடுவீர்கள். அதை அணையுங்கள். இரண்டு சிம் போட்டிருந்தால், ஒன்றில் அழைப்பு வரும்போது மற்றதின் டேட்டா பல போன்களில் நின்றுவிடும். ஆடும் நேரத்துக்கு அந்த இரண்டாவது சிம்மை அணைத்து வைக்கலாம், வீட்டில் சொல்லிவிட்டு. போன் டேட்டாவில் கம்ப்யூட்டரை ஓட்டுகிறவர்கள் ஹாட்ஸ்பாட்டை விட்டுவிட்டு யுஎஸ்பி கேபிளில் இணையுங்கள்.

கனு அன்று கேபிள் மாட்டினேன். அப்பாவின் ஹார்டுவேர் கடையில் எல்லா வயரும் உண்டு, லேன் கேபிள் மட்டும் கிடையாது. பஸ் ஸ்டாண்டு பக்கம் போய் 15 மீட்டர் வாங்கி வந்தேன். நீங்கள் வாங்கும்போது மாடிப்படி வளைவையும் கதவு நிலையையும் சேர்த்து, ஒரு கயிறு பிடித்து அளந்துகொண்டு போங்கள். எனக்கு இரண்டு மீட்டர் குறைந்து, மறுபடி கடைக்குப் போனேன்.